வெள்ளிக்கிழமைக் கஞ்சி

1. கொல்லை ஓரம்

காணை என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் நர்ஸாக இருந்து சென்ற வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காக என் முட்டாள்தனம் ஒன்றை எழுதி வைக்கிறேன்.

எஸ்தர் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். நடவு, களையெடுப்பு என்று உழைத்தவர். கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தார். மகளைக் கட்டிக் கொடுத்தது திண்டிவனத்தில். ஒரு வெள்ளிக்கிழமை காலை சபைக்குப் போகும் வழியில், வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை ஓரம் தலைசுற்றி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த நான் ஓடிப்போய் விரலில் குத்திப் பார்த்தால் சுகர் ஐம்பத்திரண்டு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

“காலையில என்னா சாப்ட்டீங்க?”

“இன்னிக்கு உபவாச ஜெபம் நர்ஸம்மா. ஒண்ணும் சாப்புடல.”

“சுகர் மாத்திரை?”

“அத்த மட்டும் போட்டுக்கினேன். மாத்திரை சோத்துல சேராதே.”

எனக்கு வந்ததே கோபம். அவருடைய கார்டில் சிவப்பு மையில் ‘உபவாசம் கூடாது’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். அவர் சரியென்று கார்டை வாங்கிக்கொண்டார்.

2. எடை மிஷின்

அடுத்த இரண்டு மாதம் மயக்கம் வரவில்லை. என் பேச்சுக்கு மரியாதை இருக்கிறது என்று பெருமை வேறு. ஆனால் எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. விரதத்தை விட்டவருக்கு எடை ஏறத்தானே வேண்டும்? அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்கே போனேன். அடுப்பு பற்ற வைத்த அடையாளமே இல்லை.

“உபவாசக் கூட்டத்துல என்னம்மா பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“பாடுவோம். ஒவ்வொருத்தர் பேராச் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க. ரெண்டு மணிக்கு முடிச்சிக்கினு எல்லாம் ஒண்ணா குந்தி கஞ்சி குடிப்போம். தொவையலு, பொரியலுன்னு ஆளுக்கொண்ணு எடுத்தாருவாங்க. போதும்னாலும் உடமாட்டாங்க.”

“மத்த நாள்ல?”

“ஒருத்திக்கு என்னாத்த ஆக்கறது? டீயில ரெண்டு பன்ன நனைச்சித் துன்னுட்டு படுத்துக்குவேன். இப்ப கூட்டத்துக்கும் போறதில்ல, வெள்ளிக்கிழமையும் அப்பிடித்தான். எம்பேர சொல்றதுக்குக் கூட யாருமில்ல.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாரத்தில் அவர் வயிறாரச் சாப்பிட்ட ஒரே நாளைத்தான் நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

3. கார்டில் திருத்தம்

மறுநாளே டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், “வெள்ளிக்கிழமை மாத்திரைய கஞ்சி வேளைக்கு மாத்துங்க. வெறும் வயித்துல வேணாம். தலை சுத்தினா விரதத்த அப்பவே முடிச்சிடணும்னு கண்டிப்பா சொல்லுங்க,” என்றார். என் சிவப்பெழுத்தை நானே அடித்துவிட்டு அதை எழுதினேன்.

அடுத்த வெள்ளி சபைக்குப் போய் அங்கிருந்த பெண்களிடமும் விஷயத்தைச் சொன்னேன். மற்ற நாள்களிலும் ஆளுக்கொரு வேளை சோறு கொடுத்துவிடுவதாக அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். எடை மெல்ல ஏறியது.

அதற்குப் பிறகு யார் கார்டிலும் ‘கூடாது’ என்று எழுதுமுன், அங்கே என்ன நடக்கிறது என்று கடைசி வரை கேட்டுவிடுவேன். போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஜெபம் முடிந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது:

“எஸ்தரக்கா, மாத்திரை போட்டியா?”