எட்டு நாள் தோடு

2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது. தூறல் விழவில்லை, விழாது என்றும் சொல்ல முடியவில்லை. மைசூர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் சின்ன நகைக்கடையில், ஏழு கல் வைரத்தோடு ஒரு ஜோடியை என் மனைவியின் காதில் போட்டுப் பார்த்தோம். நான் கற்களை எண்ணினேன். இடது ஏழு, வலது ஏழு. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினேன்.

"எத்தனை தடவ எண்ணினாலும் பதினஞ்சாவது கல் வராது சார்," என்றார் கடைக்காரர்.

நஞ்சன்கூட்டில் ஒரு மில்லில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். எண்ணாமல் எதையும் கையெழுத்துப் போட்டு வாங்கியதில்லை.

அந்த வருடம் எனக்கு எழுபத்தொன்று. பெங்களூரில் இருக்கும் ஒரே மகளின் மகளுக்கு ஒன்பது. வருடத்துக்கு ஒன்றாகப் பதினாறு நகை வாங்கிச் சேர்த்து, எல்லாவற்றையும் பேத்தி கையில் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். பதினாறாவது நகை வாங்கும்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது ஆகியிருக்கும். எனக்கு எண்பத்தாறு. இரண்டாவது கணக்கை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நகை வைரத்தோடாக இருக்க வேண்டும் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. என் மனைவி கொள்ளேகாலில் ஒரு பட்டு வியாபாரி வீட்டுப் பெண். அவளுடைய பாட்டி போட்ட ஏழு கல் தோடு அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து இவளுக்கு வந்தது. இவளிடமிருந்து எங்கள் மகளுக்குப் போகவில்லை. 1994இல் மைசூர் விஜயநகரில் முப்பதுக்கு நாற்பது அடி வீட்டு சைட்டின் கடைசித் தவணை கட்ட நான் அதை விற்றேன். காதிலிருந்து கழற்றிக் கொடுத்தபோது அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு வந்த இருபத்தொன்பது வருடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வைரம் வாங்குவதில் எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்கம் உண்டு. கல் வீட்டுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்காமல் வாங்கமாட்டோம். பழைய கடைக்காரர்கள் சிலர் இன்னும் அதற்கு இடம் கொடுக்கிறார்கள். பணத்தை அவரிடம் வைத்துவிட்டுத் தோட்டைக் கொண்டுபோகலாம். எட்டு நாள் வீட்டுப் பெண் போட்டிருக்க வேண்டும். வீட்டில் கெட்டது ஏதாவது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏன் என்று கேட்கமாட்டார், பணம் அப்படியே வந்துவிடும்.

"அடுத்த வெள்ளி ராத்திரி எட்டு மணிக்குக் கடை சாத்துவேன். ஒம்பதாம் நாள் வந்தா நான் பொறுப்பில்ல," என்றார் கடைக்காரர்.

ஆட்டோவில் வரும்போது நான் மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "ஒரே ஒரு கெட்டது நடந்தாலும் திருப்பிடுவேன். பேத்திக்குப் போகிற பொருள் இது."

அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "இது போச்சுன்னா வேற வைரம் எனக்கு வேண்டாங்க. அப்புறம் என்னைக் கடைக்குக் கூப்பிடாதீங்க," என்றாள்.

நான் படித்தவன். கல்லுக்கு நல்லது கெட்டது தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றிரவே ஒரு நோட்டில் எட்டு நாளுக்கும் கோடு போட்டு வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கே ஆரம்பித்தது. வலது தோட்டில் மூன்றாவது கல் கொஞ்சம் மங்கலாக இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. குளியலறையில் வாளிக்குக் குழாயைத் திறந்துவிட்டு, முன்னறைக்கு வந்து கடைக்காரருக்குப் போன் செய்தேன். "சார், மணி ஏழு. நான் இன்னும் கண்ணு முழிக்கல. கல் முழிச்சிருக்கும், விடுங்க," என்றார். பதினோரு நிமிடம் பேசினேன். திரும்பிப் போனபோது தண்ணீர் வழிந்து நடை வரை வந்திருந்தது. துடைத்துவிட்டு, நோட்டில் எழுதினேன்: வாளி வழிந்தது. அன்று மாலை இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் கரண்ட் இல்லை. அதையும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். பேத்திக்குக் காய்ச்சல், நூற்றொன்று. தோடு வந்து மூன்றாம் நாள்தான் என்றேன்.

"அப்பா, ஸ்கூல்ல பாதிப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல். அவங்க வீட்லயெல்லாம் தோடா வாங்கினாங்க? சும்னே தலையைக் கெடுத்துக்காதீங்க," என்றாள் மகள். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம் சுலபம். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

அன்று ராத்திரி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா தோற்றது. நான் நோட்டை எடுத்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

"அதையும் எழுதுவீங்களா? பதினோரு பேர் காதுலயும் நானா தோடு மாட்டி விட்டேன்?"

எழுதவில்லை. ஆனால் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை பேத்திக்குக் காய்ச்சல் இறங்கியது. எனக்கு இறங்கவில்லை. ஏனென்றால் வீட்டில் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. மனைவி மத்தியான வெயிலிலும் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கேட்டால், குளிர் என்றாள். நாற்பத்திரண்டு வருடமாக எனக்குப் பரிமாறியவள், "நீங்களே போட்டுக்கோங்க" என்று பாத்திரங்களை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். வாசலில் கோலம் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தது. ராத்திரி எப்போதும் சப்பாத்தி. சனிக்கிழமையிலிருந்து கடையில் வாங்கிய மாவில் இட்லி. கோதுமை மாவு தீர்ந்துபோயிற்று என்றாள். டப்பாவைத் திறந்து பார்த்தேன். முக்கால் டப்பா இருந்தது.

கோபமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வைரம் வந்து ஐந்து நாளில் வீட்டில் பேச்சு நின்றுபோகிறது என்றால் அதைவிடக் கெட்டது என்ன வேண்டும்? புதன்கிழமை நோட்டில் எழுதினேன்: அவள் முகம் சரியில்லை. அதற்குக் கீழே, நாளை மறுநாள் திருப்பிவிடலாமா என்று எழுதி, கேள்விக்குறி போட்டேன்.

நோட்டை அவள் படித்திருக்க வேண்டும். வியாழன் காலை காபி கொடுக்கும்போது, "என் முகத்துக்கு என்ன?" என்று கேட்டாள். அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

தினமும் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அவள் தோட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் டார்ச் அடித்துக் கல் எண்ணித் திருப்பிக் கொடுப்பேன். ஆனால் சனிக்கிழமையிலிருந்து, "காதுல இருக்கும்போதே எண்ணுங்க, கழட்டி மாட்ட நேரமில்லை," என்று சொல்லி வந்தாள். வியாழனன்று நான் விடவில்லை. கடைசிக்கு முந்தின நாள், கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். இடது தோட்டை நானே கழற்றினேன். ஏழு. சரியாக இருந்தது. அவளிடம் கொடுத்தேன்.

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றாள். மாட்டுவதற்கு ஒரு நிமிடம் ஆகும். மூன்று நிமிடம் ஆயிற்று. பிறகு டங் என்று ஒரு சின்னச் சத்தம். தோட்டின் பின்னால் இருக்கும் திருகாணி தரையில் விழுந்து உருண்டது.

நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தேன். சுவர் ஓரமாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது என் கண்ணுக்கு நேராக அவளுடைய வலது கை. ஸ்வெட்டர் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. மணிக்கட்டு நீலமும் கருப்புமாக வீங்கி, இரண்டு வளையலும் சதைக்குள் புதைந்திருந்தன.

"என்ன இது?"

"ஒண்ணுமில்லீங்க."

"எப்போ?"

அவள் ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டாள். நான் மறுபடி கேட்டேன்.

"சனிக்கிழமை காலைல. நடைல வழுக்கிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"விழும்போது மணி பாக்கலீங்க."

"ஆறு நாளா இந்தக் கையோடயா சமைச்சே? ஏன் சொல்லல?"

"சொன்னா திருப்பிக் குடுத்துருவீங்க."

திருகாணி என் உள்ளங்கையில் இருந்தது. அவள் கையிலிருந்த தோட்டை வாங்கி, அதோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு காதில்தான் தோடு இருந்தது. மற்றது என் சட்டைப்பையில். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பையைத் தொட்டுப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுக்கும் பையன் வளையலைக் கழற்றப் பார்த்தான், அசையவில்லை. டாக்டரம்மா வந்து, "வெட்டணும், வேற வழியில்ல," என்றார். கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்ட வளையல்கள் அவை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "வெட்டுங்க," என்று கையை நீட்டினாள். சின்னக் கட்டர் அறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். இடது கை மட்டும் காதில் இருந்த தோட்டைப் பிடித்திருந்தது.

எலும்பில் விரிசல். நான்கு வாரம் மாவுக்கட்டு. ஆறு நாள் முன்பே வந்திருந்தால் இவ்வளவு வீங்கியிருக்காது என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கட்டு காய்வதற்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"நாளைக்கு எட்டாம் நாளு," என்றாள்.

"ஆமா."

"ஒரு கெட்டது நடந்தாலும் திருப்பிடுவேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நடைல தண்ணி எப்படிங்க வந்துச்சு?"

நான் துடைத்தேன் என்றேன். சரியாகத் துடைக்கவில்லை என்றாள். அந்தத் தண்ணீர் என் நோட்டிலேயே இருந்தது. சனிக்கிழமை, முதல் வரி. வைரத்தின் பேரில் நான் எழுதி வைத்த முதல் குற்றம் அதுதான். குழாயைத் திறந்தது நான். மூடாமல் பதினோரு நிமிடம் போனில் பேசியதும் நான்.

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. 1994இல் கேட்காத மாதிரியே.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க என்னால் ஒன்றும் தீர்மானிக்க முடியவில்லை. தண்ணீர் என்னுடையது என்பது சரி. ஆனால் போன் செய்ய வைத்தது அந்தக் கல்தானே என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. அடுத்தது என்ன நடக்கும், யாருக்கு நடக்கும், பேத்தி காதில் போட்டால்? ஆறரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தோட்டைக் கழற்றிக் கொடு என்று நான் கேட்கவில்லை. அவளும் கழற்றவில்லை. வெட்டின வளையல்களை மட்டும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்து, "ஒட்டிக் கொண்டாங்க," என்றாள். வாசல் வரை வந்து நின்றாள்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு முப்பத்தைந்து. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"என்ன சார், வெறுங்கையோட வந்திருக்கீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

அவர் கேட்கும் விதம் அதுதான். சௌக்கியம் என்று சொல்லிவிட்டால் பில் போட்டுவிடுவார். முப்பத்திரண்டு வருடத்தில் இல்லாத சரக்கை இருக்கிறது என்று நான் ஒரு முறைகூட எழுதியதில்லை. வளையல் கவரை மேஜைமேல் வைத்தேன். அவர் வெட்டிய வாயை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக் கட்டர் மாதிரி இருக்கே."

"ஆமா."

"அம்மாவுக்கா?" அவர் குரல் இறங்கிவிட்டது. கல்லாப் பெட்டிப் பக்கம் கை போயிற்று. "எட்டு நாளுக்குள்ளதானே சார்? பரவால்ல, பணம் அப்படியே இருக்கு."

"வாளித் தண்ணில வழுக்கிட்டா," என்றேன். "வாளி என்னுது. பில் போடுங்க."

அவர் கல்லாப் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். பிறகு பில் புத்தகத்தை எடுத்தார்.

நான்கு வாரமும் தோட்டை நான்தான் கழற்றி மாட்டினேன். இரண்டு காதுக்கும் கழற்ற ஒன்று, மாட்ட ஒன்று என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை, மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு தடவை. முதல் சில நாளில் திருகாணி இரண்டு முறை கை தவறி விழுந்தது. "மில்லுல நட்டு போல்ட்டெல்லாம் எண்ணி மட்டும்தான் குடுத்தீங்க போல, ஒண்ணைக்கூடத் திருகினதில்ல," என்றாள்.

மகள் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு விலையுள்ளதை வீட்டில் வைக்கக் கூடாது, பேத்தி பெரியவளாகும் வரை லாக்கரில் வைக்கலாம் என்றாள்.

"லாக்கருக்குக் காது இருக்கா?" என்றாள் என் மனைவி. "நான் போட்டு முடிக்கிறேன். அப்புறம் நீ போடு. அவ காத்திருக்கட்டும்."

மீதிப் பதினைந்து நகைகளைப் பற்றி இன்னும் நான் பேச்செடுக்கவில்லை. முதல் நகைக்கான கணக்கு மட்டும் முடிந்திருக்கிறது. தோடு ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து அறுநூறு. எக்ஸ்ரே, கட்டு, டாக்டர் மூவாயிரத்து நானூற்று ஐம்பது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, போக வர இருநூற்று நாற்பது. வளையல் ஒட்டியது தொள்ளாயிரம். குளியலறை வாசலுக்கு வழுக்காத ரப்பர் விரிப்பு முந்நூற்று ஐம்பது. ஆக மொத்தம் ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய்.