சிரட்டையில் வந்த கஞ்சி

பேய், பிசாசு என்று யாராவது கதைத்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், ஆனால் சிரிக்காதீர்கள்.

என் மகள் துளசிக்கு அரிவாள் செல் நோய். இரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும், கைகால் முறிகிற மாதிரி வலிக்கும். குளிர் படக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் வயலுக்குப் போன நேரம் பார்த்து, என் மச்சாள், கணவரின் அக்கா, பேய் ஓட்டுகிறேன் என்று துளசியைக் கிணற்றடியில் இருத்தி, வேப்பிலை போட்ட பச்சைத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிவிட்டார். அன்றைக்கே வலி தொடங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரி வாட்டு வாசலிலும் மச்சாள் வந்து நின்றார்.

"முள்ளிவாய்க்கால்ல செத்ததுகள் பிடிச்சிருக்கு. மந்திரிச்சு நூல் கட்டுவம்."

எனக்கு வந்த கோபம்! "எங்கட சனம் எங்கட பிள்ளையைப் பிடிக்குமோ மச்சாள்? வாயைக் கழுவுங்கோ!"

கடைசி யுத்தத்தில் என் தங்கச்சியும் அங்கேதான் செத்தாள். காய்ச்சலில் கிடந்த எனக்குக் கஞ்சி வாங்க, தேங்காய்ச் சிரட்டையோடு வரிசையில் நின்றவள். குண்டு விழுந்தது, கஞ்சி எனக்கு வந்து சேரவேயில்லை. இதை மகளிடம் நான் சொன்னதே இல்லை.

மறுநாள் மத்தியானம். சேலைன் ஏற்ற நரம்பு அகப்படவில்லை. "தண்ணி உள்ள போகாட்டி ஆபத்து, எப்பிடியாவது பருக்குங்கோ" என்றார் நேர்ஸ். துளசியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு துளியும் குடிக்கவில்லை. சுடுதண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பினேன், அவ்வளவுதான். பிள்ளை எழும்பி இருந்து வாயைத் துடைக்கிறாள். உதட்டில் ஒரு சோற்றுப் பருக்கை. சட்டையில் விறகுப் புகை மணம்.

"ஒரு அக்கா சிரட்டையில உப்புக் கஞ்சி தந்தவா அம்மா. வரிசையில நிக்கத் தேவையில்லை, நீ குடி எண்டவா."

பக்கத்துக் கட்டில் தாய், ஒருத்தரும் வரவில்லை என்று அடித்துச் சொன்னார். கனவென்பீர்கள். சரி, அந்தப் பருக்கை?

அதற்குப் பிறகு கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்தாள், வலியும் மெல்ல இறங்கியது. மச்சாளிடம் நேருக்கு நேர் சொன்னேன்: "பிடிக்க வரேல்லை மச்சாள், பருக்க வந்தது!"

வீடு திரும்பும்போது பஸ்ஸில் துளசி என் கையைச் சுரண்டினாள்.

"அந்த அக்கா போகேக்க, உன்ர அம்மா குடிச்சவாவோ எண்டு கேட்டவா. நான் என்னம்மா சொல்லியிருக்கோணும்?"

வீட்டுக்குப் போனதும் உப்புக் கஞ்சி காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் குடித்தேன்.