மௌவல் என்று ஒரு குழந்தை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் கேக். அதன் மேல் சிவப்பு க்ரீமில் ‘மௌவல்’ என்று எழுதியிருந்தது. பேக்கரிக்காரர் இரண்டு தடவை போன் போட்டு, “பேரு கரெக்ட்தானா சார்?” என்று கேட்டாராம். எனக்கு ஒரே பெருமை. வைத்தது நான் ஆயிற்றே!

மௌவல் என்றால் காட்டு மல்லிகை. பழைய பாட்டுகளில் வருகிற பூ. பாண்டிச்சேரி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொரு மௌவல் கிடைக்க மாட்டாள்.

உங்களுக்குத்தான் தெரியுமே... நமக்கு இந்தப் பெயர்ப் பைத்தியம் கொஞ்சம் உண்டு. அபூர்வமான பெயர்களையும் அவற்றின் பொருளையும் பேப்பரில் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பக்கத்தில் ஒருமுறை எழுதப்போக, அன்றிலிருந்து போன் ஓயவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயரான உப்பளம் பகுதி சொல்தா (சிப்பாய்) ஒருவர், பாரிசில் பிறந்த பேத்திக்குப் பெயர் கேட்டார். “முஸ்யே, அங்க வெள்ளக்காரன் வாயிலயும் நுழையணும், இங்க நம்ம சாமிக்கும் புடிக்கணும்!” அல்லி என்று கொடுத்தேன். ஒரு போத்தல் ஒயின் வந்தது.

சரி, கேக்குக்கு வருவோம்.

எங்கள் முதலியார்பேட்டை வீட்டு மாடியில் கலியமூர்த்தியும் செல்வியும் குடியிருக்கிறார்கள். அவருக்கு மின்துறையில் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம். முதல் குழந்தை பதினோரு நாள்தான் இருந்தது. இரண்டாவது, பிறந்தபோதே அழவில்லை. மூன்றாவதுதான் இந்தப் பெண்.

போன வருஷம் இவள் பிறந்த பத்தாம் நாளோ என்னவோ, செல்வி என் மனைவியிடம் ஓர் உதவி கேட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அக்கா, முன்ன பொறந்தது தங்கலன்னா எங்க ஊர்ல அடுத்த புள்ளய முறத்துல போட்டு குப்பமேட்டுல வெப்பாங்க. புள்ள குட்டியோட நல்லா இருக்கறவங்க யாராச்சும் எடுத்துக்கணும். அவங்ககிட்ட தவிடு குடுத்து நாங்க வாங்கிக்குவோம். நீங்க எடுத்துக் குடுக்கறீங்களா? குப்புன்னு பேரு வெச்சிடறேன்.”

குப்பு, குப்பம்மா, பிச்சை, தவிட்டம்மா... நம் பக்கத்தில் பல பேருக்கு இந்தப் பெயர்கள் இப்படி வந்தவைதான். இது எங்கள் பிள்ளையே இல்லை, குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வாங்கினோம்... எமனே, உனக்கு இது வேண்டாம், போய்விடு என்கிற கெஞ்சல். இந்தப் பொருளெல்லாம் எனக்குத் தெரியாதா? நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன். தெரிந்தேதான் சிரித்தேன்.

“ரெண்டாயிரமாவது வருஷமே பொறந்தாச்சு, இன்னும் குப்பையாம்மா?” என்று ஒரு பிரசங்கம். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் ‘மௌவல்’ என்று எழுதி நீட்டினேன். செல்வி வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அதோடு விட்டேனா? அந்த வாரமே இந்தப் பக்கத்தில், ‘எங்கள் மாடியில் ஒரு பெண்’ என்று ஆரம்பித்து நக்கலாக எழுதினேன். பெயர் போடவில்லைதான். என் மாடியில் யார் இருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியாதா என்ன? கலியமூர்த்தியின் ஆபீசில் அதைச் சத்தமாகப் படித்து, “இன்னாப்பா, குப்பத்தொட்டி ரெடியா?” என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் நேரே வீட்டுக்கு வந்து, குப்பு என்கிற பேச்சே இனி எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் குழந்தை மௌவல் ஆனாள். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்!

போன ஞாயிற்றுக்கிழமைதான் ஒன்றைக் கவனித்தேன். வந்தவர்கள் எல்லாரும் ‘மௌவல், மௌவல்’ என்று கொஞ்சுகிறார்கள். செல்வி மட்டும், “ஏய்... ந்தா, இங்க பாரு” என்கிறாள். குழந்தை அவள் தோளில் கொஞ்சம் கண்ணயர்ந்தது. உடனே அவள் விரல் அதன் மூக்குக்குக் கீழே போனது. மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே விரல்.

சமையல்கட்டு வாசலில் பிடித்தேன். “என்னம்மா, பேரு புடிக்கலையா?”

“பேரு நல்லாத்தாண்ணே இருக்கு. நான்தான் இன்னும் ஒருவாட்டிகூடக் கூப்புடல.”

“ஒரு வருஷமாவா? ஏன்?”

“கூப்புட்டா யாரு காதுலயாவது வுழுந்துடுமோன்னு பயம்ண்ணே.”

யார் காதில் என்று நான் கேட்கவில்லை. கையில் இருந்த கேக்கை அப்படியே வைத்துவிட்டேன்.

“குப்புன்னாவது கூப்புட்டிருக்கலாமே...”

“அவுரு இல்லாதப்ப ரெண்டு நாளு கூப்புட்டேன். எம் புள்ளயவே திருடற மாதிரி இருந்துது. வுட்டுட்டேன்.”

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. “உங்களுக்கு அன்னைக்கு அந்தப் பேரு வெக்க ஒரு புள்ள வேணும். கெடைச்சுது, வெச்சிட்டீங்க” என்றாள்.

தவிடு கொடுத்து வாங்கினால் குழந்தை தங்கும் என்பதில் எனக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை தேவைப்பட்டது எனக்கா? இரண்டைப் பறிகொடுத்தவள், மூன்றாவதைப் பயமில்லாமல் மடியில் போட்டுக்கொள்ள ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அதை நான் ஒரு வாரத்துப் பக்கத்தை நிரப்புவதற்காகப் பிடுங்கிவிட்டேன். அவள் ஒரு வருஷமாக மூச்சு பார்த்துக்கொண்டு இருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது.

இதை எழுதட்டுமா என்று இந்தத் தடவை செல்வியிடம் கேட்டேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

“எழுதுங்கண்ணே. நான் சொன்னா அவுரு காதுல வாங்க மாட்டாரு. பேப்பர்ல வந்தா கேப்பாரு” என்றாள்.

ஆகவே கலியமூர்த்தி, இந்த வாரம் உங்களுக்கு மட்டும். ஆபீசில் இதையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அன்று நான் எழுதியது தப்பு. சர்ட்டிபிகேட்டில் மௌவல் இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டில் செல்வி எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.

உங்கள் பெண்ணுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. இன்னும் அவளைப் பெற்றவள் பயமில்லாமல் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.