விரதத்தில் முகர்ந்த ஐந்து கிளாஸ்

யாழினி, கவின், அப்பா ஒயின் வெயிட்டர் ஆனது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. தேதி மோதியது

அப்போது நான் சிங்கப்பூரில் டோபி காட் பக்கம் ஓர் உணவகத்தில் தட்டு எடுப்பவன். ஒயின் ஊற்றும் வேலையில் ஒரே ஓர் இடம் காலியானது. எனக்கு அதில் பேராசை. அதிகம் படிக்காதவன் நான். ஆனால் பாட்டில் லேபிளைப் பார்த்தே பிரான்ஸ், ஸ்பெயின் என்று ஊர் சுற்றுவேன். மிச்சமாகும் ஒயினைச் சொட்டுச் சொட்டாகச் சுவைத்துப் பழகியும் இருந்தேன்.

அந்த வேலைக்கு, ஒயினைச் சுவைத்து எந்த வகை, எந்த ஊர் என்று சொல்லும் டெஸ்ட் உண்டு. அது தைப்பூச விரதத்தில் வந்து விழுந்தது. யாழினி, உன் மூச்சிரைப்பு நின்றால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, அது நின்றதும் நான் நேர்த்திக்கடன் செலுத்திய வருடம் அது.

மேனேஜர் மல்லிகா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வாயில வச்சுட்டுத் துப்பிடு லா! எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"வாயில வச்சாலே விரதம் போச்சுக்கா."

"அப்ப தட்டே எடு. வேற ஆளு பாத்துக்கிறேன்."

"குடிக்க முடியாதுக்கா. மோந்து பாக்க முடியும். மோந்தே சொல்றேனே?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முருகன் உன்னை மட்டும் இல்ல, என்னையும் சேத்துச் சோதிக்கிறாரு" என்று போனை எடுத்தார்.

2. மூக்கை நம்பி

டெஸ்ட் வைக்க வந்தவர் ஒயின் சப்ளையர் மிஸ்டர் லிம். விஷயத்தைக் கேட்டதும், "ஸ்மெல் ஒன்லி? கேன், கேன்!" என்று சம்மதித்துச் சிரித்தார். ஐந்து கிளாஸ்களை வரிசையாக வைத்தார்.

முதல் கிளாஸில் கொய்யாவும் வெட்டின புல்லும் மணத்தன. நியூசிலாந்து சோவின்யோன் பிளாங்க் என்றேன். அடுத்தது லேசாக மண்ணெண்ணெய் வாடை. பலர் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்புவது அதைத்தான். வயதான ரீஸ்லிங் ஒயினுக்கு அதுதான் அழகு. ஜெர்மனி, மோசல் என்றேன். மூன்றாவது, தேக்கா மார்க்கெட்டில் மிளகு அரைக்கிற கடை வாசல். ஆஸ்திரேலியா, பரோசா ஷிராஸ்.

நான்காவதில் தடுமாறினேன். பழக்கப்பட்ட வாசனை, பெயர் வரவில்லை. கண்ணை மூடினேன். கவின், உன் பென்சில் டப்பா! சீவின துருவல் மணம்.

"போர்டோ! பிரான்ஸ்!" கத்தியே விட்டேன்.

"மெதுவாடா, கஸ்டமர் இருக்காங்க" என்றார் அக்கா. அவர் குரலும் சிரித்தது.

கடைசி கிளாஸில் தேங்காய் மணத்தது. இதுவும் ஆஸ்திரேலியாதான் என்றேன். தப்பு. ஸ்பெயின் நாட்டு ரியோஹா. அமெரிக்க ஓக் பீப்பாயில் ஊறுவதால் அந்த மணமாம்.

மிஸ்டர் லிம் அக்காவிடம் திரும்பி, "ஒன் ராங், நெவர் மைண்ட். டேக் ஹிம் லா" என்றார்.

3. பிறகு

தைப்பூசத்தன்று டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நீ என்கூடவே நடந்தாய், யாழினி. ஓர் இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

விரதம் முடிந்து வேலைக்குப் போனேன். அக்கா என் சட்டையில் ஒயின் வெயிட்டர்கள் அணியும் திராட்சைக் குலை பின்னைக் குத்திவிட்டு, கொஞ்சம் ரியோஹா ஊற்றினார். "தப்பாச் சொன்னல்ல, இப்பக் குடிச்சுத் தெரிஞ்சுக்க." தேங்காய் பர்ஃபியேதான்!

நான் கற்றது இவ்வளவுதான் பிள்ளைகளா. முடியாததைச் சொல்ல வேண்டி வந்தால், முடிந்ததையும் கூடவே சொல்லிவிடுங்கள். கதவு அப்படித்தான் திறந்தது.

அப்புறம் கவின், அந்தப் பழைய பென்சில் டப்பாவை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு போர்டோ என்றால் என்னவென்று அதைத் திறந்துதான் காட்டுகிறேன்.