ஆறாவது கைப்பிடி

என் அப்பா யூஸ்டிஸ் ஹாலிமனை ஊரில் எல்லோரும் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் வேலை பார்த்த கல்லூரி அவரை ஒரு ஆட்டத்தைக்கூட நடத்த விட்டதில்லை. தெற்கு மிசிசிப்பியின் ஆறு மாவட்டங்களில், பந்தைக் கையில் பிடித்து முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பால் ஆடும் பள்ளிப் பையன்களின் வீட்டுக்குப் போய் உட்காருவது அவர் வேலை. உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டு, பையனைக் கல்லூரி அணிக்குக் கூட்டிவருவது. மைதானத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யக் கல்லூரியிடம் வெள்ளைக்காரர்கள் போதுமான அளவு இருந்தார்கள். கறுப்பர் வீட்டு சோபாவில் உட்காரத்தான் ஆள் இல்லை. அதற்கு அப்பாவை எடுத்தார்கள்.

கல்லூரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே வேண்டிய அளவு பனியன்களில் இருக்கிறது.

மார்ச் மாதம் அப்பா இறந்தார். கணையப் புற்றுநோய். திறமையைக் கண்டுபிடிப்பதில் மேதை என்று பத்திரிகையில் போட்டார்கள். அபத்தம். வேகமாக ஓடுகிற பையனைக் கண்டுபிடிக்க மேதை தேவையில்லை, எதிரணியில் இருந்தாலே போதும். அப்பாவுக்குத் தெரிந்தது வரிசை. முதலில் பள்ளியின் கோச்சைப் பார்க்க வேண்டும். அவர் போட்டுத் தரும் கருகிய காப்பியைக் குடிக்க வேண்டும். அவர் தலையாட்டிய பிறகே வீட்டுக்குப் போகலாம். வீட்டில் முதலில் அம்மாவிடம் பேச வேண்டும், கடைசியில் பையனிடம். இரண்டாவது தட்டை மறுக்கக் கூடாது. தான் மாவுப் பண்டம் தொடுவதில்லை என்று சொன்ன வேறொரு கல்லூரிக் கோச்சை ஒரு அம்மாள் மிகுந்த மரியாதையோடு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவர் கார் கிளம்பிய பிறகு மீதி இருந்த சோள ரொட்டியை அப்பாவுக்குப் பரிமாறினார். பையன் எங்கள் அணிக்கு வந்தான்.

அப்படி வந்தவர்களால்தான் கல்லூரி ஜெயித்தது. ஆறு மாவட்டத்துப் பையன்கள் சிறு வயதிலிருந்தே ஒருவரையொருவர் இடித்து வளர்ந்தவர்கள். எவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று பார்க்காமலே தெரியும். சனிக்கிழமைகளில் அவர்கள் குடும்பங்கள் சர்ச் சபைப் பேருந்துகளில் வந்து இறங்கும். வண்டி நிறுத்தும் இடமெல்லாம் பன்றி இறைச்சி சுடும் புகை. அக்டோபரில் ஒருவன் சோர்ந்துபோய் ஊருக்குத் திரும்புகிறேன் என்றால், மறுநாள் காலை அவன் அத்தை விடுதி அறைக்குள் கைப்பையோடு உட்கார்ந்திருப்பார். அவன் திரும்ப மாட்டான். கல்லூரியோ, தான் புதிதாகக் கட்டிய உடற்பயிற்சிக் கூடத்தால் ஜெயிப்பதாக நம்பியது.

பிறகு ஒஹாயோவிலிருந்து ட்ரெவர் ஸ்டாக்டன் என்ற தலைமைக் கோச் வந்தார். முதல் கூட்டத்திலேயே பெரிய திரையில் வரைபடம் போட்டார்.

"இந்த ஆறு மாவட்டத்தையே நோண்டிக்கிட்டு இருந்தா நாம என்னைக்கும் குளத்து மீன்தான். ஃப்ளோரிடா, டெக்சஸ். அங்க வலை போடுவோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

அந்த வருடம் ஆறில் ஒன்றான டல்லஹோமா மாவட்டத்தில் டவாரஸ் மெகீ என்ற பையன் இருந்தான். முன்வரிசை ஆட்டக்காரன், கதவு அகலம். கோடையிலேயே அவனுக்கு இடம் உண்டு என்று கல்லூரியின் சார்பில் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். இதெல்லாம் வாய்வார்த்தைதான். கையெழுத்து நாளன்று தாளில் ஏறினால்தான் சட்டப்படி செல்லும். எங்கள் பக்கத்தில் தாளை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கோச் சோபாவில் உட்கார்ந்து சொல்லிவிட்டால் சொன்னதுதான். மற்ற கல்லூரிகள் கூப்பிட்டபோது டவாரஸின் அம்மா எர்னஸ்டின் நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். கையெழுத்து நாளுக்கு ஊதா நிறக் கேக் சொல்லி வைத்தார். கல்லூரியின் நிறம் ஊதா.

அதற்கு முந்தைய வாரம் ஃப்ளோரிடாவில் இன்னும் அகலமான ஒருவன் ஸ்டாக்டனுக்குக் கிடைத்தான். டவாரஸின் முழங்காலில் டாக்டருக்குச் சந்தேகம் என்று ஃபோனில் சொல்லிவிடும்படி அப்பாவுக்கு உத்தரவு. முழங்காலை எந்த டாக்டரும் பார்க்கவில்லை.

அப்பா ஃபோன் செய்யவில்லை, நேரில் போனார். இதைத்தான் இரங்கல் கூட்டத்தில் பெரிய நேர்மையாகப் பேசினார்கள். அவர் எதை மாட்டிக்கொண்டு போனார் என்பதை யாரும் சொல்லவில்லை. கல்லூரியின் ஊதாக் கோட். மார்பில் தங்க நூல் சின்னம். நல்ல செய்திக்குப் போட்ட அதே கோட்டோடு போய், வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். வேறு உடுப்பில் போகலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை டல்லஹோமா பள்ளியில் கூடைப்பந்து ஆட்டம். அப்பாவோடு நானும் போனேன். கல்லூரிக் கோச் வந்தால் பள்ளிக் கோச் வாசலுக்கு வந்து தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போவார். அதுதான் பழக்கம். அன்று டல்லஹோமாவின் கோச் லவேல் ஸ்ட்ரிங்ஃபெலோ வாசலில்தான் நின்றிருந்தார். அப்பாவின் வாழ்நாள் நண்பர். கை இரண்டும் பாக்கெட்டில்.

"வாங்க கோச். டிக்கெட் அந்த ஜன்னல்ல."

"லவேல், நான்தான்."

"தெரியுது. அந்த ஜன்னல்ல."

அப்பா டிக்கெட் வாங்கினார். எதிரணிக்காரர்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். அத்தோடு டல்லஹோமா மூடியது. யாரும் கத்தவில்லை, கடிதம் எழுதவில்லை. மற்ற ஐந்து மாவட்டங்கள் கதவை ஒருக்களித்து வைத்தன.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் கல்லூரி ஜெயித்தது. ஸ்டாக்டன் தன் வரைபடத்தைக் காட்டிப் பேட்டி கொடுத்தார். நான் மாநில நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களைச் சோதிப்பவள். ஒரு தூண் போனால் பாலம் உடனே விழாது. மற்றத் தூண்கள் அந்தச் சுமையையும் கொஞ்ச காலம் வாங்கிக்கொள்ளும். அந்தக் கொஞ்ச காலத்தைத்தான் ஸ்டாக்டன் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். ஆடியவர்கள் எல்லாம் அப்பா முன்பே கூட்டிவந்த பையன்கள். அவர்கள் படித்து முடித்துப் போனதும் ஃப்ளோரிடாக்காரர்கள் மிஞ்சினார்கள். வேறு கல்லூரி கூப்பிட்டதும் அவர்களும் போனார்கள். அவர்களைப் பிடித்து உட்காரவைக்க ஒரு மணி நேரத் தூரத்தில் அத்தை யாரும் இல்லை. ஸ்டாக்டனும் பெரிய சம்பளத்துக்கு வேறு இடம் போனார். டல்லஹோமா பையன்கள் மாநில எல்லைக்கு அந்தப் பக்கக் கல்லூரிக்குப் போய், வருடா வருடம் வந்து எங்கள் அணியைப் புரட்டி எடுத்தார்கள். அவர்கள் ஆடும்போது மட்டும் எங்கள் மைதானம் நிரம்பியது, அவர்கள் குடும்பங்களால்.

அப்பாவைக் கல்லூரி வெளியே அனுப்பவில்லை. வட்டார உறவு ஆலோசகர் என்று ஒரு பெயரும், சலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு அறையும் கொடுத்தார்கள். புதிதாக வந்த ஒவ்வொரு தலைமைக் கோச்சும் அங்கே எட்டிப்பார்த்து, டல்லஹோமாவை எப்போது திறந்து தருவீர்கள் என்று கேட்டார். துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விடச் சொல்வதுபோல.

"விட்டுட்டு வாங்கப்பா" என்றேன்.

"நான் வந்துட்டா அந்த வீடுகளுக்கு யாரு போவா?"

"இப்ப மட்டும் நீங்க எங்க போறீங்க?"

"அதான் சொல்றேன்" என்றார்.

என்ன சொன்னார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் இரண்டு ஆசை சொன்னார். ஒன்று, ஊதாக் கோட்டில் புதைக்க வேண்டும். "வேற எதுல படுத்தாலும் எனக்கே என்னை அடையாளம் தெரியாது." இரண்டு, பெட்டிக்கு ஆறு கைப்பிடி, ஆறு மாவட்டத்துக்கும் ஒருவன் வந்து தூக்க வேண்டும்.

"டல்லஹோமா வராதுப்பா."

"கேளு."

பிறகு அவர் பேசியதெல்லாம் வலியைப் பற்றித்தான்.

ஐந்து மாவட்டத்திலிருந்து ஆள் கிடைத்தது. கல்லூரியின் இப்போதைய தலைமைக் கோச் கோல்பி ரஸ்க் ஃபோன் செய்து, ஆறாவது ஆளைத் தான் தருவதாகச் சொன்னார். கலிஃபோர்னியாப் பையன், தன் நட்சத்திர ஆட்டக்காரன், படம் எடுத்தால் நன்றாக இருக்கும். அவன் என் அப்பாவைப் பார்த்ததுகூட இல்லை. நான் டல்லஹோமாவுக்கு வண்டியை எடுத்தேன்.

எர்னஸ்டின் மெகீ வீட்டிலேயே குழந்தைக் காப்பகம் நடத்துகிறார். கூடம் முழுக்கத் தவழும் குழந்தைகள். ஒன்றைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே பேசினார். டவாரஸ் சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்தான். மின்கம்பம் ஏறும் வேலை. இடுப்புப் பட்டையைக்கூடக் கழற்றவில்லை.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

டவாரஸ் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். "முழங்கால் சரியில்லன்னுதானேக்கா வேணாம்னாங்க? பொணம் தூக்க மட்டும் சரியா இருக்குமா? டாக்டரக் கேட்டீங்களா?"

"டவாரஸ்" என்றார் அம்மா.

"இல்லம்மா, கேக்குறேன். நடுவழியில மடங்கிட்டா கோச் உருண்டுருவாரே."

எர்னஸ்டினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். குழந்தை ஏப்பம் விட்டது.

"உங்கப்பா நேர்ல வந்தாரு, கண்ணு. வேற எவனும் வந்திருக்கமாட்டான். அது எனக்குத் தெரியும். ஆனா எதப் போட்டுட்டு வந்தாரு? எங்கிட்ட சாரி சொல்றாரு, நெஞ்சுல அவங்க சின்னம் பளபளன்னு என்னப் பாக்குது. நான் யாருகிட்டப் பேசுறது, அவருகிட்டயா, சின்னத்துக்கிட்டயா?"

"கோட்டுலதான் புதைக்கணும்னு சொல்லியிருக்காரு."

"சொல்லுவாரு. அவருக்கு அது தோலு." குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினார். "யூஸ்டிஸ் ஹாலிமன என் புள்ள தூக்குவான். அந்தக் கோட்டத் தூக்கமாட்டான். நீயே முடிவு பண்ணிக்க. சாப்புட்டுப் போ."

சாப்பிட்டேன். இரண்டாவது தட்டும்.

திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். இரண்டு ஆசை, ஒன்று இன்னொன்றை அடிக்கிறது. வேறு யாராக இருந்தாலும் சுலபம். எனக்கு அந்தக் கோட்டைப் பல வருடமாகப் பிடிக்காது. அதனால் என் முடிவை நானே நம்ப முடியவில்லை. கழற்றினால் அப்பாவுக்காகவா, எனக்காகவா? அளவுகோலே கோணலாக இருந்தால் எதை வைத்து அளப்பது?

அடக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் பர்னெலின் நிலையத்துக்குப் போனேன். பர்னெல் எங்கள் சபைக்காரர், மெதுவாகப் பேசுபவர். அப்பா பெட்டிக்குள் கோட்டோடு கிடந்தார்.

"கழட்டணும்னா உடனே கழட்டிடலாம்மா. கஷ்டமில்ல" என்றார். கொஞ்சம் தயங்கி, "முதுகுப் பக்கம் இல்ல" என்றார்.

"என்ன இல்ல?"

"இப்படித்தாம்மா போடுவோம். முதுகுல கீழவரைக்கும் வெட்டி, முன்னாடி வச்சு, ஓரத்த உள்ள சொருகிடுவோம். கை மடங்காதில்ல. பாக்குறவங்களுக்குத் தெரியாது."

பார்ப்பவர்களுக்கு மட்டும் கோட். முதுகுக்கு ஒன்றுமில்லை. அவ்வளவு வருடமும் கல்லூரி அவருக்குப் போட்டுவிட்டது அதைத்தான். "எடுங்க" என்றேன். பர்னெல் இரு கையால் தூக்கியதும் வந்துவிட்டது, மேஜை விரிப்பைப் போல. உள்ளே வெள்ளைச் சட்டை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டோம். அதற்கும் முதுகை வெட்ட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சபை நிரம்பியது. டல்லஹோமாவிலிருந்து ஸ்ட்ரிங்ஃபெலோ வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ரஸ்க் படக்காரரோடு முன்வரிசைக்கு வந்தார். பெட்டிக்குள் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"கோட் எங்கம்மா? கல்லூரி சார்புல ஒரு படம்..."

"இல்ல."

"கார்ல ஒன்னு வச்சிருக்கேன். புதுசு."

"உக்காருங்க."

டவாரஸும் அம்மாவும் தாமதமாக வந்தார்கள். டவாரஸ் நேராகப் பெட்டிக்குப் போய் நின்றான். ஸ்வெட்டரைப் பார்த்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததைவிட ஸ்வெட்டரை அதிக நேரம் பார்த்தான். பிறகு பர்னெல் மூடியைப் போட்டார். டவாரஸ் போய் ஆறாவது கைப்பிடியைப் பிடித்தான்.

வெளிப்படியில், சவ வண்டி அருகே வரும்வரை அவர்கள் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டியிருந்தது. ரஸ்க் பக்கத்தில் வந்தார். டவாரஸைத் தோளிலிருந்து கணுக்கால்வரை கண்ணால் அளந்தார். கோச்சுகளின் வேலை அது, சாவு வீட்டிலும் கண் நிற்காது.

"நல்ல உடம்பு தம்பி. எந்த ஸ்கூல்ல ஆடுன?"

"டல்லஹோமா."

"அடடா. நாங்க எப்படி உன்ன விட்டோம்?"

மற்ற ஐந்து பேரும் டவாரஸைப் பார்த்தார்கள். படிக்குக் கீழே நின்ற எர்னஸ்டினும் பார்த்தார். அவன் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"தெரியல சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கோச் போகணும்."

ரஸ்க் தள்ளி நின்றார். ஆறு பேரும் படி இறங்கினார்கள். முழங்கால் மடங்கவில்லை.

அப்பாவிடம் கேட்டிருந்தால் கோட்டைத்தான் சொல்லியிருப்பார் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை. கேட்க வழியில்லை.