பத்திரிகை போடாத பன்றி

1957 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை, காலை ஆறு பத்து. இரவெல்லாம் பெய்த மழை நின்று, கூரைத் தகரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று துளியும் இல்லை. மேகம் தென்னை மட்டைகளின் மேலேயே இறங்கி உட்கார்ந்திருந்தது. வாசற்கதவைத் திறந்தவன், சாக்கடையைக் கடக்கப் போட்டிருக்கும் பலகைக்கு அடியில் ஒரு பன்றி சிக்கிக் கிடப்பதைப் பார்த்தேன். செத்த பன்றி. வயிறு உப்பி, நான்கு கால்களும் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. காதில் ஒரு வாழைச் சருகு ஒட்டியிருந்தது. அன்று காலை ஒன்பது மணிக்கு, என் மகளுக்கு நிச்சயத் தாம்பூலம் மாற்ற சிரம்பானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு.

அதற்கு மறுநாள்தான் இந்த நாடு விடுதலை அடைந்தது. அந்தச் சமயத்தில் மலாக்கா எப்படி இருந்தது என்று கும்பகோணத்து உறவினர்கள் இன்றும் கடிதத்தில் கேட்கிறார்கள். நான்தான் சொல்லவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில் தவறில்லை. கிராணி வேலையிலிருந்து, அதாவது குமாஸ்தா வேலையிலிருந்து, ஓய்வு பெற்ற நாள் முதல், சிங்கப்பூரில் அச்சாகும் ஒரு தமிழ் நாளிதழுக்கு இந்த ஊர்ச் செய்திகளை எழுதி அனுப்புகிறவன் நான். சம்பளம் கிடையாது, பத்திரிகை மட்டும் இலவசமாக வரும். அந்த வாரம் நான்கு செய்திகள் அனுப்பியிருந்தேன். பாடாங் என்னும் கடற்கரைத் திடலில் எழுப்பிய அலங்கார வளைவு ஒன்று. ஜாலான் பெண்டஹாரா சாலையில் துணிக்கடை வாசலில் மூன்று சைக்கிள்கள் திருட்டுப் போனது இரண்டு. கோயில் ஒலிபெருக்கியை யார் வைத்துக்கொள்வது என்று நிர்வாகக் குழுவில் நடந்த கைகலப்பு மூன்று. எங்கள் காஜா பெராங் பகுதிச் சாக்கடை ஏழு வாரமாகத் தூர் வாரப்படாதது நான்கு. வளைவுச் செய்தி மட்டும் இரண்டு பத்தியாக வந்தது. 'நகரம் மணப்பெண்ணைப் போலக் காட்சியளிக்கிறது' என்று நான் எழுதாத ஒரு வரியை ஆசிரியரே சேர்த்திருந்தார். அந்த மணப்பெண்ணின் பின்கட்டில் நான் குடியிருக்கிறேன். அங்கே என்ன மணம் வீசியது என்பதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. ஆகவே இதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வரிசையில் சாக்கடை மூன்று வீடுகளைத் தாண்டி ஆற்றில் சேருகிறது. மேலே மக் தேவியின் வீடு, நடுவில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு, கீழே ஒரு ஹாஜியின் வீடு. மக் தேவி மலாக்காச் செட்டிக் குடும்பத்து விதவை. நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயா மேற்சட்டையும் சாரோங் கைலியும். முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆனால் தமிழில் பத்துச் சொல்லுக்கு மேல் வராது, பேச்செல்லாம் அவர்களுக்கே உரிய மலாய். என் மனைவி இறந்த பிறகு என் வீட்டு விசேஷங்களுக்கு அந்த அம்மாள்தான் பெரிய மனுஷி. பன்றியைக் காட்டியதும் அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பினாள்.

"சாயா தோலாக் சிக்கிட் சாஜா," என்றாள். கொஞ்சம்தான் தள்ளினேன் என்று அர்த்தம்.

விடியற்காலையில் அது அவள் வாசலில் கிடந்திருக்கிறது. மூங்கில் கழியால் என் வாசலுக்கு அனுப்பிவிட்டு, குளித்து, சாமி கும்பிட்டு, என் மகளுக்குப் பூக்கட்ட வந்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் அடுத்துச் செய்த காரியம், அதே கழியை வாங்கி அதை ஹாஜியின் வாசலுக்குத் தள்ளியது. நான் சைவன். இந்த வயது வரை அந்தப் பிராணியை ஒரு கழி தூரத்தில் கூடப் பார்த்தவனில்லை. கழி அதன் விலாவில் அழுந்தியபோது உள்ளே ஏதோ பொங்கி அடங்கிய சத்தம், இன்றைக்கும் சோற்றுத் தட்டின் முன்னால் சில நாள் கேட்கிறது.

ஹாஜி சன்னலைத் திறந்தார். பெரியவர், சாதுவானவர். மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, "துவான் கிராணி, இனி பாபி சியாப்பா?" என்றார். இது யாருடைய பன்றி என்று மட்டும் கேட்டார். என்னுடையது இல்லை என்றேன். அவருடையதாக இருக்க வழியே இல்லை. அவர் சன்னலைச் சாத்திக்கொண்டார். அவரால் கழியால்கூட அதைத் தொடமுடியாது. அது தெரிந்தே நான் தள்ளியிருக்கிறேன். தொல்லை விட்டது என்று நினைப்பதற்குள், ஆற்றில் கடலேற்றம் தொடங்கி, தண்ணீர் சாக்கடைக்குள் எதிர்த்து வந்தது. பன்றி பின்பக்கமாக மிதந்து வந்து, பழையபடி என் பலகையில் முட்டி நின்றது.

ஏழு மணிக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டு நகராட்சித் துப்புரவு ஆட்களின் லயத்துக்கு, அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, போனேன். மண்டோர், அதாவது அவர்களின் மேஸ்திரி, எனக்குத் தெரிந்தவன். வெள்ளைச் சட்டை போட்டு, கக்கத்தில் கொடிகளைக் கட்டாக வைத்துக்கொண்டு நின்றான்.

"கிராணி ஐயா, என்னைய என்ன செய்யச் சொல்றீங்க? ஆளு அத்தனையும் பாடாங்குல நிக்குது. புல்லுல ஒரு காயிதம் கிடக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"என் வாசல்ல ஒரு பன்னி கிடக்குதுப்பா. நாறுது."

"செத்தா நாறாம என்ன செய்யும்? திங்கக்கிழமை லோரி அனுப்பறேன்."

"இன்னைக்கு என் மகளுக்கு நிச்சயம்."

"தெரியுமே. மாப்பிள்ளை சுகாதார இன்ஸ்பெக்டராமில்ல? வர்றவரு அப்படியே வேலையும் பாத்துட்டுப் போவட்டும் லா. நல்ல சகுனம்தான்."

பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். நான் திரும்பி மிதித்தேன். வழியில் திடலைப் பார்த்தேன். வளைவுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மண்டியிட்டுப் புல்லிலிருந்து தீக்குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் கும்பகோணத்தில் இப்படி நடந்திருக்காது என்றுதான் முதலில் தோன்றியது. எனக்குப் பன்னிரண்டு வயதில் தெருமுனையில் ஓர் எருமை செத்து விழுந்தது. யாருடையது, யார் தூக்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. உச்சிவேளைக்கு முன்னால் சுடுகாட்டுக்கு அப்பாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், கட்டினார்கள், இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா கதவைச் சாத்திவைத்து, அவர்கள் போன பிறகு திறந்தார். ஊர் சுத்தமாயிற்று. அந்தக் கேள்விக்கு விடை அவர்கள் பிறந்தபோதே எழுதப்பட்டுவிட்டது. அதனால் எங்களுக்குக் கேள்வியே எழவில்லை. 1918இல் நான் ஏறிய கப்பலின் அடித்தளத்தில் அவர்களுடைய பிள்ளைகளும் வந்தார்கள். இங்கே வந்தும் துடைப்பத்தையும் வாளியையும் அவர்கள் கையில்தான் கொடுத்தோம். ஒரே ஒரு நாள் அவர்களைக் கொடி கட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ஒரு நாளில் என்னைப் போன்றவனுக்கு வாசலைத் தாண்ட வழியில்லை.

ஒன்பதே காலுக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை, அவர் பெற்றோர், ஒரு தாய்மாமன். மக் தேவி சாம்பிராணியைக் கட்டி கட்டியாகக் கொட்டியிருந்தாள். சாம்பிராணியும் பன்றியும் சேர்ந்த வாடை தனியான பன்றியைவிட மோசம். பலகை மேல் நடந்து வந்த மாப்பிள்ளை நடுவில் நின்று கீழே குனிந்து பார்த்தார். எனக்கு நெஞ்சில் ஒரு நம்பிக்கை முளைத்தது. இது அவருடைய தொழில். ஒரு வார்த்தை சொன்னால் நகராட்சிக்காரன் ஓடிவருவான்.

"வட்டாரம் எது? மலாக்கா நகராட்சிதானே?" என்றார்.

"ஆமாம் தம்பி."

"அப்ப எனக்கு அதிகாரம் இல்லை," என்று சொல்லி, கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

தட்டுகளை எடுத்து வைத்தோம். ஐந்து அவர்களுடையது, ஏழு எங்களுடையது. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் மாற்றிவிடவேண்டும். மாப்பிள்ளையின் அம்மா மக் தேவியின் சாரோங்கைப் பார்த்துவிட்டு, "மலாய்க்கார அம்மாவா சம்பந்திக்குச் சமையல்?" என்று என் காதுபடக் கேட்டாள். மக் தேவிக்குத் தமிழ் வராதே தவிர, தொனி நன்றாக விளங்கும். பூத்தட்டை வைத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். காமாட்சி, என் மகள், இருபத்தாறு வயது, பள்ளி ஆசிரியை, கதவோரம் வந்து நின்றாள். இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இது அமையவேண்டும் என்று எனக்கு இருந்த பதைப்பு சொல்லில் அடங்காது. நமஸ்காரம் செய்துவிட்டு அவள் உள்ளே போயிருக்கவேண்டும். போகவில்லை.

"இதே பன்னி உங்க சிரம்பான்ல கிடந்தா என்ன செய்வீங்க?" என்று அவரிடம் நேராகவே கேட்டாள்.

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழில் பற்றிய கேள்வி அல்லவா.

"நோட்டீஸ் அனுப்புவேன்."

"யாருக்கு?"

"சொந்தக்காரருக்கு."

"சொந்தக்காரர் யாருன்னு தெரியலைன்னா?"

"தெரியற வரைக்கும் தூக்க முடியாது. அதுதான் முறை."

காமாட்சி சிரித்துவிட்டாள். கேலியாகக்கூட இல்லை, அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. சமையலறையில் மக் தேவியும் சிரித்தாள். அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள்.

"இன்னைக்கு நேரம் சரியில்லை. வாசல்ல சகுனமும் சரியில்லை. பிறகு சொல்லி அனுப்பறோம்," என்றாள்.

பத்து ஐந்துக்கு அவர்களுடைய ஐந்து தட்டுகளும் காரில் ஏறின. பிறகு சொல்லி அனுப்பவே இல்லை.

நான் காமாட்சியைத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாளைக்கு எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அவரு முதல்ல வட்டாரம் எதுன்னு கேட்பாரு," என்றாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

ஆற்றுக்கு அப்பால் பன்றிக் கொட்டகைகளுக்கு லோரி ஓட்டும் ஒரு சீனனைக் கூட்டிவந்தேன். அவன் குனிந்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டினான். இதை விற்கமுடியாது, காசு தரமாட்டேன் என்றான். நான் விற்க வரவில்லை, எடுத்துப்போக நான்தான் காசு தருவேன் என்று எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் விளக்கினேன். என் நெற்றித் திருநீற்றையும் பன்றியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கயிற்றை எடுத்தான். ஒரு நிபந்தனை போட்டான்: கூட நான் வரவேண்டும். செத்த பிராணிகளைப் புதைக்கும் குப்பைமேட்டில் சொந்தக்காரர் பெயர் சொல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம்.

நிச்சயத்துக்கு உடுத்திய சரிகை வேட்டியோடு லோரியின் முன்னிருக்கையில் ஏறினேன். பின்னால் அது. திடலைத் தாண்டும்போது வளைவில் சாயம் காய்ந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புது நாட்டுப் பாட்டைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். குப்பைமேட்டு வாசலில் பஞ்சாபிக் காவலாளி கயிற்றுக் கட்டிலை விட்டு எழாமலே, யாருடையது என்று கேட்டான். சீனன் என்னைக் கைகாட்டினான். காலையிலிருந்து மூன்று வாசல்களிலும் யாருடையதாகவும் இல்லாதது அது. பின்னால் காத்திருந்த லோரிகள் ஒலி எழுப்பத் தொடங்கின.

"சாயா புன்யா," என்றேன். என்னுடையது.

அப்பன் பெயரைக் கேட்டான், ஊரைக் கேட்டான். அப்பன் பெயரைச் சொன்னேன். ஊர் என்றதும் வழக்கம்போலக் கும்பகோணம் என்று வாயில் வந்தது. அவன் முறைத்தான். காஜா பெராங் என்று மாற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டு வாசலின் தடுப்புக் கழியை உயர்த்தினான். முப்பத்தொன்பது ஆண்டில் இந்த மண்ணில் என் பெயரில் பதிவான முதல் உடைமை லோரிச் சீனனாலும் அங்கிருந்த ஒரு கூலியாளாலும் குழிக்குள் தள்ளப்படுவதை, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். லோரிக்கும் குழிக்கும், வீணான பலகாரத்துக்கும் பூவுக்கும் பழத்துக்குமாக ஐம்பது வெள்ளி தொண்ணூறு காசு.