வீட்டில் எத்தனை பேர்?

எனக்கு வயது எண்பத்திரண்டு. ஏழு பேரை வளர்த்தேன். என் வயிற்றில் பிறந்தவர்கள் நால்வர், காலமாகிப்போன அக்காவின் பெண்கள் இருவர், எல்லோருக்கும் முதலில் என் தம்பியார். அம்மா கண்ணை மூடியபோது அவர் தவழ்ந்துகொண்டிருந்தார். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தம்பியாரின் நினைவாக அச்சடிக்கும் இந்தப் புத்தகத்துக்கு, எங்கள் வழக்கில் கல்வெட்டுக்கு, தாங்கள் எழுதித் தருகிறோம் என்று படித்த பிள்ளைகள் சொன்னார்கள். என் தம்பியாருக்கு நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். எழுத்து ஆடும், சொல் ஆடாது.

தம்பியார் பிறந்தது இலங்கையில், யாழ்ப்பாணத்து வடமராட்சியில், கடலுக்குக் கிட்ட. படிப்பில் கெட்டிக்காரர். அதைப் பற்றி அவருடைய மகன் வேறு பக்கத்தில் எழுதியிருக்கிறார். நான் எழுத வந்தது அவருடைய இடது காதைப் பற்றியும், அவர் கடைசியாகக் குடியிருந்த வாவிக்கரையைப் பற்றியும்.

எங்கள் நாட்டில் ஒரு காலம் இருந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். சோதனைக்கு வருகிற ஆமிக்காரர் அதைப் பார்த்து ஆட்களை எண்ணுவார்கள். ஒரு தலை கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். தம்பியார் ஒருநாள் என் வீட்டில் சாப்பிட வந்திருந்தார். எண்ணினார்கள், ஒரு தலை கூடியது. கொண்டுபோனார்கள். சோற்றுக் கை காயவில்லை. மாதங்கள் கழித்து அவர் திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. அதன் பிறகு வாசலில் எந்த வாகனம் நின்றாலும் வீட்டில் இருக்கும் தலைகளை எண்ணிப் பார்ப்பேன். மெல்பேணுக்குக் கிட்ட வெரிபீயில் மகள் வீட்டில் இருக்கும் இன்றைக்கும் அப்படித்தான்.

அவுஸ்திரேலியாவுக்கு வந்த தம்பியார் மெல்பேணில் நிற்கவில்லை. மேற்கே பல மணிநேரம் ஓடினால் ஒரு பெரிய வாவி வரும். அதைச் சுற்றியிருக்கும் ஊர்களெல்லாம் சேர்ந்து ஒரு ஷயர், நம்முடைய பிரதேச சபை மாதிரி. அங்கே இறைச்சி ஆலையில் வேலை கிடைத்தது. மச்சாளோடு, அதாவது தம்பியாரின் மனைவியோடு, நானும் சில ஆண்டுகள் அங்கே இருந்தேன். ஆலைக்காக வந்த நம்மவர்களின் வீடுகள் ஒரு தெரு முழுக்க இருந்தன. முன்பு அங்கே பால் ஆலையும் இருந்ததாம். அது மூடியதும் இளசுகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் போனபோது பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பறைகள் பூட்டுப் போட்டுக் கிடந்தன.

தம்பியார் அந்த ஷயரின் கவுன்சிலுக்குத் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்றபோது எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அவருடைய படத்தை வேலிக் கம்பங்களில் கட்டியிருந்தார்கள்.

"டேய், கம்பத்திலை படம் கட்டுறது செத்தவனுக்கெல்லோ?" என்றேன்.

"ஒரு நல்ல படம் எடுத்தால் ரெண்டுக்கும் உதவும் அக்கா," என்று சிரித்தார்.

இந்தக் கல்வெட்டின் அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்தப் படம்தான்.

வென்றார். ஆனால் அந்தச் சபைக்கே ஆபத்து வந்திருந்தது. ஷயரில் சனம் குறைந்துவிட்டது, மலைக்கு அப்பால் உள்ள பெரிய நகரத்தோடு சேர்த்துவிடலாம் என்று மேலிடத்தில் கதை அடிபட்டது. சேர்த்தால் சபை போகும், வைத்தியர் போவார், ஊரில் நிற்கும் அம்புலன்ஸ் போகும். அந்த வருடம் சனத்தொகைக் கணக்கு எடுக்கும் வருடம். அதில் தலை கூடினால்தான் ஷயர் தப்பும்.

கூட்டம் முடிந்து வந்த தம்பியார் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து எங்களுக்குச் சொன்னார். "மேயர் அம்மா கேக்கிறா, உங்கடை தெருவிலை வீட்டுக்கு மூண்டு நாலு பேர்தான் எண்டு போன கணக்கிலை கிடக்கு, பிறகு குப்பைத் தொட்டி மட்டும் ஏன் நிரம்பி வழியுது எண்டு."

மச்சாள் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அது உண்மை. எங்கள் தெருவில் எந்த வீடும் உள்ளபடி எழுதவில்லை. விசா முடிவுக்காகக் காத்திருக்கும் தம்பி, மருமகன், சிநேகிதன் என்று ஒவ்வொரு வீட்டின் பின்னறையிலும் ஒருவர் இருவர் இருந்தார்கள். பேரைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம். இந்த நாட்டில் அந்தக் கணக்கை வேறு எவருக்கும் காட்டமாட்டார்கள் என்று தம்பியார் படித்துப் படித்துச் சொன்னார். பயத்துக்குக் காது இல்லை.

"அக்கா, இந்த வாவியிலை விலாங்கு பிடிச்சுச் சீவிச்ச ஆதிச்சனம் இருந்தது. செம்மறி மேய்க்க வெள்ளைக்காரர் வந்து நிலத்தைப் பிடிச்சாங்கள். பிறகு கனகாலம் அந்தச் சனத்தைக் கணக்கிலையே சேர்க்கேல்லை. எண்ணாட்டில் இல்லையெண்டு சொல்லிப்போடுவாங்கள்," என்றார்.

"எண்ணினதாலைதான்ரா உன்னைக் கொண்டுபோனவங்கள்," என்றேன்.

தம்பியார் வீடு வீடாகப் போய் உள்ளபடி எழுதும்படி கேட்டார். எதிர்வீட்டுக் குகன் நம்முடைய பிள்ளை மாதிரி. அவர் படலையைத் திறக்காமலே கேட்டார். "அண்ணை, வீட்டுக்கை எத்தினை பேர் எண்டு கேட்டுக்கொண்டு வாறியள். இதே கேள்வியை முந்தி ஆர் கேட்டவை எண்டு மறந்துபோச்சோ?"

தம்பியார் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இது மறக்க விடாது, தம்பி."

"அப்ப போயிட்டு வாங்கோ. இஞ்சை நாங்கள் நாலு பேர்தான். நான், மனிசி, ரெண்டு பிள்ளையள்."

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒருவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோயில் பூசைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். "கவுன்சிலர் வாறார், தலையை எண்ணப் போறார்" என்று முதுகுக்குப் பின்னால் நையாண்டி. நம்முடைய சனத்தாலேயே அவருக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று நான் பயந்தேன். வெளிக்கிடும்போதெல்லாம் கந்தசஷ்டி கவசம் சொல்லி விபூதி பூசி அனுப்பினேன்.

ஒருநாள் மத்தியானம் குகன் வீட்டுக் குசினியில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. கறுத்தப் புகை கூரைக்கு மேலே எழும்பியது. குகனின் மனைவி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தாள். தீயணைக்கும் தொண்டர்கள், கடைக்காரரும் பால்காரரும்தான், வாகனத்தில் வந்து குதித்தார்கள். ஒருவர் அவளிடம் கேட்டார், வீட்டில் எத்தனை பேர் என்று.

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: "நாலு பேர். அவர் வேலையில். நாங்கள் மூவரும் வெளியே வந்துவிட்டோம்."

எத்தனையோ தரம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். பயத்தில் வாய் அதைத்தான் சொன்னது. அந்த மனிதர் தலையாட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாயை எடுக்கத் திரும்பினார்.

அன்றைக்கு லீவில் நின்ற தம்பியார் செருப்பும் இல்லாமல் வீதியைக் கடந்து ஓடினார். குகனின் தமக்கை மகன் சுதன் இரவு வேலை முடித்துப் போவதை ஆலை வாசலில் ஒவ்வொரு விடியலும் பார்த்தவர் அவர். "அஞ்சு! அஞ்சு பேர்! பின்னறையிலை ஒருத்தன் நித்திரை!" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கத்தினார். அப்போதுதான் அவள், "ஐயோ சுதன்!" என்று நிலத்தில் விழுந்தாள்.

பின் ஜன்னலை உடைத்துச் சுதனை இழுத்தெடுத்தார்கள். முகமெல்லாம் கரி, மூச்சு நூல் மாதிரி. ஊர் அம்புலன்ஸ் அந்த நேரத்துக்குள் வந்து நின்றது. அது மலைக்கு அப்பால் இருந்து வரவேண்டியிருந்தால் சுதன் தப்பியிருக்கமாட்டார்.

பொழுதுபட முன் குகன் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "பேனை இருக்கோ, அண்ணை?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தெரு அந்த முறை உள்ளபடி எழுதியது. இரண்டு வீடுகள் கடைசிவரை எழுதவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஷயர் இன்னும் இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று தெரியாது.

தம்பியாருக்கு இருதயம் களைத்துக்கொண்டே வந்தது. கடைசி நாட்களில் வலது பக்கம் குனிந்து பேசினால்தான் கேட்கும். வாவி தெரியும் ஜன்னலோரம், அறுபத்தெட்டாவது வயதில், வெளிச்சம் இருக்கும்போதே போனார்.

அவருக்கு மருந்து கொடுத்த வாவிக்கரை வைத்தியருக்கும், அம்புலன்ஸ் பிள்ளைகளுக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த தீயணைப்புத் தொண்டர்களுக்கும், மலர்வளையத்தோடு வந்த மேயர் அம்மாவுக்கும், எட்டாம் நாள் வரை எங்களை அடுப்பு மூட்ட விடாமல் சோறு கறி கொண்டுவந்த தெருச் சனத்துக்கும், வெரிபீயில் இருந்து வேலைக்கு லீவு போட்டு வந்தவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இந்தக் கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் துயர் பகிர்வோர் பெயர்கள் வருகின்றன. சுதன் தொலைபேசியில் கேட்டார், "என்ரை பேரையும் போடுவியளோ மாமி? முழுப் பேரும்." அவருக்கு விசா முடிவு இன்னும் வரவில்லை. அச்சில் வந்தால் ஆர் ஆருடைய கண்ணில் படுமோ? எனக்குப் பயமாக இருக்கிறது. முழுப் பெயரும் போட்டிருக்கிறேன்.

பேத்தி துர்க்கா, இதை அச்சுக்குக் கொடுக்க முன் இங்கே வந்து பக்கத்தில் இரு. நான் எழுதியதை நானே வாசித்தால் மனதில் இருப்பதுதான் வரும், நீ வாசித்தால் தாளில் இருப்பது வரும். மெல்ல வாசி. கடைசிப் பக்கத்துப் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசி. ஒருவரையும் விட்டுவிடவில்லையே என்று நான் விரல் மடித்துப் பார்க்கவேண்டும்.